சாட்சிக்கு ஒரு சிட்டிகை பாவம்

மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டும். எட்வினிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாவம்கூட இல்லை.

தேனி பஜாரில் தன் பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, வாழ்ந்த வாழ்க்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குடித்ததில்லை. புகைத்ததில்லை. சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை. எட்டாம் வகுப்பில் ஒருமுறை பக்கத்துப் பையனைப் பார்த்துக் கணக்கு எழுதியிருக்கிறார், அதுவும் தப்புக் கணக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு சபையை அழவைக்க முடியுமா?

அவர் போகிற சபையில் மாதத்துக்கு ஒருவர் மேடையேறி, தன் பழைய வாழ்க்கை எப்படி இருந்தது, ஆண்டவர் அதை எப்படி மாற்றினார் என்று சொல்வது வழக்கம். போன வருஷம் எட்வின் முறை வந்தது. "நல்ல கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தேன். சண்டே ஸ்கூலுக்கு ஒழுங்காப் போனேன். அப்பா வச்ச கடையப் பாத்துக்கிறேன். இதுவரைக்கும் பெரிய வியாதி எதுவும் இல்ல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். மைக்காரர் பாதியிலேயே சத்தத்தைக் குறைத்துவிட்டார். பாஸ்டர் மட்டும் பெரிய மனது பண்ணி ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்.

அடுத்த மாதம் கர்ணன் ஏறினார். வருசநாட்டு மலையில் சாராயம் காய்ச்சிய மனிதர். போலீசுக்குப் பயந்து பாறை இடுக்கில் பாம்புக்குப் பக்கத்தில் மூச்சுவிடாமல் படுத்துக்கிடந்ததைச் சொன்னபோது, பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் நிற்கவே இல்லை. ஆராதனை முடிந்து கர்ணனைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். எட்வினின் மனைவி ஜெபஷீலாவே கேசரி வாளியைத் திறந்து முதல் கரண்டியைக் கர்ணனுக்குத்தான் வைத்தாள்.

ஒழுங்காக வாழ்ந்தவனை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அன்றைக்கு எட்வினுக்கு நெஞ்சு கனத்தது. அவர் வருத்தப்பட்டதிலும் நியாயம் இருந்தது.

வீட்டில் இன்னொரு கவலை. மகள் மகிமா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எத்தனையோ வரன் வந்து தட்டிப்போய், கடைசியாகப் போடிநாயக்கனூரிலிருந்து ஓர் இடம் வந்தது. ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். பையன் பெயர் ஜோஷ்வா, பார்க்க லட்சணமாக இருந்தான். வந்த எல்லாரையும் ஏதாவது குறை சொல்லும் மகிமாவே, "இது சரியா இருக்கும்னு தோணுதுப்பா" என்றாள். பையனின் அம்மா இவாஞ்சலின் பஜ்ஜி நன்றாக இருந்ததாகச் சொன்னார். அப்பா ஜெயசிங் வாயே திறக்கவில்லை, பஜ்ஜிக்கு மட்டும் திறந்தார். போகும்போது, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்றார்கள். நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு, வேறு இடமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அதன்பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

இந்தச் சம்பந்தம் அமைந்துவிட வேண்டும். அதைத் தவிர எட்வினுக்கு ஆண்டவரிடம் கேட்க வேறு ஒன்றும் இல்லை. சரி, கொஞ்சம் பேரும் கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறினார்.

"கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே! நான் நல்ல கிறிஸ்தவக் குடும்பத்துல பிறந்தேன்..."

முன்வரிசையில் ஒருவர் வசதியாகச் சாய்ந்துகொண்டார். மைக்காரரின் கை சத்தத்தைக் குறைக்கும் குமிழை நோக்கி நகர்ந்தது. எட்வின் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆனா..." என்றார்.

மைக்காரரின் கை நின்றது.

"ஆனா, நான் ஒரு குடிகாரனா இருந்தேன்!"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சபை முழுவதும் ஒரே குரலில், "அல்லேலூயா!"

ஒரு சிட்டிகை பாவம் சேர்ப்பதுதான் எட்வினின் எண்ணம். அந்த அல்லேலூயாவில் கை தவறி டப்பாவே கவிழ்ந்துவிட்டது. கம்பம் ரோட்டில் சாக்கடையோரம் விழுந்து கிடந்தேன் என்றார். சின்னமனூரில் சீட்டாடிச் சைக்கிளைத் தோற்றேன் என்றார். முன்வரிசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். எட்வினின் பார்வை பெண்கள் பக்கம் போனது. வாயைப் பிளந்தபடி ஜெபஷீலா உட்கார்ந்திருந்தாள்.

"கட்டுன மனைவியக் கை நீட்டி அடிச்சேன்!"

இதைச் சொல்லும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள்!

அன்றைக்குக் கேசரி வாளியில் முதல் கரண்டி எட்வினுக்குத்தான் கிடைத்தது. ஆனால் வைத்தது ஜெபஷீலா இல்லை.

பழனிசெட்டிபட்டியில் வீடு வந்து சேரும்வரை ஸ்கூட்டரில் கேசரி வாளியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தாள் ஜெபஷீலா. கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, என்னைய எப்ப அடிச்சீக?"

"அது... ஒரு வேகத்துல வந்துருச்சு ஷீலா."

"வேகத்துலயா? ஜான்சி அக்கா என் முதுகத் தடவித் தடவிப் பாக்குறாக. 'இங்கன அடிச்சாரா, அங்கன அடிச்சாரா'ன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

ஜான்சி அந்தச் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அவருக்குத் தெரிந்தது எதுவும் அவரோடு நின்றதில்லை.

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரரு கொசுவக்கூட அடிக்க மாட்டாருன்னு சொன்னேன். 'பாருங்க, இத்தன அடி வாங்கியும் புருசன விட்டுக்குடுக்காமப் பேசுறா'ன்னு அதுக்கும் சேத்து அழுகுறாக!"

உள்ளேயிருந்து மகிமா சிரித்துக்கொண்டே வந்தாள். வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, இது போடியில தெரிஞ்சா என்ன நெனைப்பாக?"

எட்வினுக்கு மேடையில் நின்றபோது அந்த நினைப்பே வரவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்தை ஒரு கரண்டிக் கேசரிக்கு விற்றுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"ஷீலா, ஜான்சி அக்காவுக்குப் போன் போடு. குடிச்சதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடின்னு சொல்லிரு. அப்ப இந்தக் குடும்பத்துக்கு ஒரு கறையும் வராது."

"கல்யாணத்துக்கு முன்னாடி மனைவிய எப்படி அடிச்சீகளாம்?"

"அது மனசால அடிச்சதுன்னு சொல்லு."

ஜெபஷீலா தலையில் அடித்துக்கொண்டாலும் போன் போட்டாள். ஜான்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் கம்பத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினான் காமராஜ், ஜெபஷீலாவின் தம்பி. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்த சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான்.

"என்ன மச்சான், குடிகாரன்னு மறச்சுத்தான் எங்க அக்காவக் கட்டுனீகளா? எங்கப்பா வந்து விசாரிச்சப்ப பஜாரே சேந்துல்ல பொய் சொல்லியிருக்கு!"

"மாப்ள, நான் குடிச்சதே கிடையாதுய்யா!"

"எங்க, ஊதுங்க."

எட்வின் ஊதினார். இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் மணத்தன. அதனால் காமராஜ் சமாதானமாகவில்லை. கோபம் குறையாமல் எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "என் கண்ணு உங்க மேலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வேலியில போற ஓணானப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீக" என்றாள் ஜெபஷீலா.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் வழி என்று எட்வின் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே பாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி! உங்களுக்குத்தான் போன் பண்ண இருந்தேன். அடுத்த மாசம் கோம்பையில மூணு நாள் கன்வென்ஷன். மொத நாள் உங்க சாட்சிதான். ஃப்ளெக்ஸ்கூட அடிச்சாச்சு."

போனில் படத்தைக் காட்டினார். கடை உரிமத்துக்காக எடுத்த எட்வினின் பாஸ்போர்ட் போட்டோ. அதைச் சுற்றி உடைந்த பாட்டில்கள், மேலே மின்னல். 'அன்று சாக்கடையோரம்! இன்று?' என்று சிவப்பு எழுத்து.

"ஐயா, ஒரு உண்மையச் சொல்லணும். நான் குடிக்கவே இல்லைங்கய்யா."

"தெரியுமே அண்ணாச்சி. இப்பக் குடிக்கிறதில்ல."

"எப்பவுமே குடிச்சதில்லைங்கய்யா. அந்த நாத்தங்கூட எனக்குத் தெரியாது."

பாஸ்டர் கண் கலங்கிவிட்டார். எட்வினின் தலையில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

"ஆண்டவரே! அந்தப் பழைய ஞாபகத்தக்கூடத் துடைச்சுப் போட்டுட்டீரே!"

நல்ல மனிதர். அவரிடம் அதற்குமேல் என்ன சொல்வது?

இரண்டே நாளில் ஃப்ளெக்ஸ் ஊரெல்லாம் நின்றது. ஒன்று எட்வின் கடைக்கு எதிரே. ஒன்று போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே.

பஜாரில் மூட்டை தூக்கும் வீரபாண்டி, ஃப்ளெக்ஸையும் எட்வினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடையேறினான். அந்தி சாய்ந்துவிட்டால் அவன் நேராக நடந்து ஒருவரும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, எப்படி விட்டீக? எனக்கும் விடணும்னுதான் இருக்கு. சாயங்காலமானா காலு தன்னால அங்கன போயிருது."

எட்வினுக்கு மதியம் குடித்த மோர்தான் ஞாபகம் வந்தது.

"நெனப்பு வரும்போதெல்லாம் மோர் குடிச்சுக்கிட்டே இரு. இங்கன கடையில வந்து உக்காந்துக்க."

வீரபாண்டி அன்றிலிருந்து சாயங்காலமானால் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, செம்பு செம்பாக மோர் குடித்தான். நாலு நாள் கழித்து அவன் மனைவி அய்யம்மாள் வந்து, "எங்க வீட்டுல வெளக்கேத்தி வச்சிட்டீக சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எட்வினுக்கு உள்ளே கூசியது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. இப்போது போய், நான் குடித்ததே இல்லை என்று சொன்னால் இவன் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிடுவானே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு மாலையே ஜெபஷீலாவின் போன் அடித்தது. பேசியது இவாஞ்சலின்.

"ஃப்ளெக்ஸ் பாத்தோம். சனிக்கிழமை வாறோம். அண்ணாச்சிகிட்ட நேர்ல பேசணும். கண்டிப்பா வீட்ல இருக்கச் சொல்லுங்க."

ஜெபஷீலா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர்கள் இப்போது நேரில் வருகிறார்கள் என்றால், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத்தான். மகிமா அறைக்குப் போய்ப் பரீட்சைத் தாள்களைத் திருத்தத் தொடங்கினாள். ஒரே தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்ததை எட்வின் கதவிடுக்கில் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை.

குடிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். மறுநாள் ஒரு டாக்டரிடம் போனார்.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் செய்யல சார். கல்லீரல ஒரு ஸ்கேன் எடுக்கணும்."

"ஒண்ணும் செய்யலன்னா எதுக்கு ஸ்கேன்?"

"நான் குடிக்கிறதில்லன்னு நிரூபிக்கணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளாக் குடிக்கல?"

"பொறந்ததுலருந்து சார்."

"பரவாயில்ல. இங்கன வந்தீங்க பாருங்க, அதுதான் மொதப் படி. மத்தத மெதுவாப் பேசுவோம்."

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் குழந்தையின் கல்லீரல்போல இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வரும்போது நர்ஸ் ஒருத்தி, குடியை மறக்க வழி சொல்லும் துண்டுப் பிரசுரம் ஒன்றை எட்வினின் பையில் ரகசியமாகச் செருகிவிட்டாள்.

எட்வின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் ஓடினார். இதைப் பார்த்தாவது போடி ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடுவார் என்று நம்பினார்.

"பாருங்கய்யா, ஒரு பழுதும் இல்ல. குடிச்சவன் ஈரல் இப்படி இருக்குமா?"

பாஸ்டர் வாங்கிப் படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

"இருக்காதே அண்ணாச்சி! இருக்கவே இருக்காதே! அவ்வளவு குடிச்சும்..." ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "புது ஈரல் குடுத்துட்டாரே!"

வெள்ளிக்கிழமை காலை எல்லா ஃப்ளெக்ஸிலும் குறுக்கே மஞ்சள் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'மருத்துவர்கள் வியந்த அற்புதம்!'

சனிக்கிழமை போடிக்காரர்கள் வந்தார்கள். இவாஞ்சலினும் ஜெயசிங்கும் மட்டும்தான். ஜோஷ்வாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலையாம். மாப்பிள்ளையைக் கூட்டிவராததிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று எட்வின் நினைத்துக்கொண்டார். மச்சானைத் தனியாக விடக்கூடாது என்று காமராஜும் வந்து கதவோரம் நின்றான்.

முறுக்கும் காப்பியும் வைத்தார்கள். ஜெயசிங் முறுக்கை எடுத்துக்கொண்டார். இவாஞ்சலின் எதையும் தொடாமல் நாற்காலியை எட்வினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. எத்தன வருசம் குடிச்சீக?"

எட்வின் காப்பியை எடுத்து ஆற்றத் தொடங்கினார்.

"தெனமுமா? இல்ல, கூட்டாளிக கூடும்போது மட்டுமா?"

ஜெபஷீலா இருமினாள்.

"விட்டப்ப கை நடுங்குச்சா? மாத்திர போட்டீகளா, ஜெபத்துலயே விட்டீகளா? அந்த மூட்ட தூக்குற ஆளயும் நீங்கதான் நிறுத்துனீகளாமே, நெசமா?"

போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். எட்வின் நிமிர்ந்து பார்த்தார். சமையலறைக் கதவருகே மகிமா காலி டம்ளரோடு நின்றிருந்தாள். அப்பாவைக் காப்பாற்ற என்ன சொல்லலாம் என்று தேடுகிற முகம். அவளைத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவளோ அப்பாவை நினைத்துத் தவித்தாள். எட்வினுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கையைக் கூப்பினார்.

"அம்மா, நான் பொய் சொன்னேன். ஒரு சொட்டு நான் தொட்டதில்ல. சீட்டாடல, சாக்கடையில விழுகல, இவள ஒரு அடி அடிச்சதில்ல. ஒழுங்கா இருக்கிற மனுசன யாரும் ஒரு வார்த்த விசாரிக்கிறதில்ல பாருங்க, அந்த ஏக்கத்துல மேடையில அப்படி உளறிட்டேன். அதுக்கு என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. என் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. அவள வேணாம்னு சொல்லிராதீக."

வாழ்க்கையில் அவர் சொன்ன உண்மையான சாட்சி அதுதான். கேட்க வீட்டில் ஆறு பேர்கூட இல்லை.

"ஆமாங்க. பச்சத் தண்ணியத் தவிர வேற தெரியாதுங்க இவருக்கு" என்று ஜெபஷீலா வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"நானே ஊதச் சொல்லிப் பாத்தேங்க. சட்னிதான் மணத்துச்சு" என்றான் காமராஜ். அக்கா வீட்டுக்காரரை அவன் முதல்முறையாகத் தூக்கிப் பேசினான்.

எட்வின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். இவாஞ்சலின் அதை வாங்கவில்லை. அவர் முகம் தெளியும் என்று எட்வின் எதிர்பார்த்தார். அது இன்னும் இருண்டது.

"நெசமாவே குடிச்சதில்லையா அண்ணாச்சி?"

"சத்தியமா இல்லம்மா."

"கொஞ்சங்கூடவா?"

"நாத்தங்கூடத் தெரியாதும்மா."

இவாஞ்சலின் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஜெயசிங், கையிலிருந்த பாதி முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப நம்ம ஜோஷ்வாவக் குடிய விட வைக்கிறதுக்கு இனி எந்த ஊரு மாமனாரத் தேடுறது?"